வியன்னாவும் பிராகும்: முன்பின் தெரியாத இரண்டு நகரங்களுக்கு ஒரே விடுமுறையில் போய்வருவது எப்படி?

இரண்டு வெளிநாட்டு நகரங்களுக்குச் சேர்த்துத் திட்டம் போடும்போது பலரும் முதலில் உட்கார்ந்து எழுதுவது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை. பட்டியல் பக்கம் தாண்டிய பிறகுதான் எந்த ஊரில் எத்தனை நாள் என்ற கேள்வி வரும். அதற்குள் விமான டிக்கெட் கூட எடுத்தாகியிருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. இரண்டு நகரப் பயணத்தின் ஆணிவேர் நடுவில் இருக்கிறது. முதல் ஊரைக் காலி செய்துவிட்டு இரண்டாவது ஊருக்குப் போகும் அந்த ஒரு நாள் என்றைக்கு என்று முடிவாகிவிட்டால், விசாவை எந்த நாட்டிடம் கேட்பது, விமானம் எங்கே இறங்கி எங்கே ஏறுவது, எந்த அருங்காட்சியகத்தை எந்தக் கிழமையில் பார்ப்பது என எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஆஸ்திரியாவின் வியன்னாவையும் செக் குடியரசின் பிராகையும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே விசாவில் இரண்டு நாடு, நாலு மணி நேர ரயில் பயணம், இரண்டு மொழி, இரண்டு நாணயம். முதல்முறை ஐரோப்பா போகிறவர்களுக்குப் பாரிஸையும் ரோமையும்விட இந்த ஜோடியைத்தான் நான் பரிந்துரைப்பேன். செலவு குறைவு, அலைச்சலும் குறைவு.

முதல் படி: இரவுகளையும் கிழமைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள்

நாட்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். பத்து நாள் பயணம் என்று சொல்லிக்கொண்டால் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். ஒன்பது இரவு என்றால் ஹோட்டலுக்கும் விசா அதிகாரிக்கும் உங்களுக்கும் கணக்கு ஒன்றே.

ஒன்பது இரவு கிடைக்கிறது என்றால் வியன்னாவுக்கு ஐந்து, பிராகுக்கு நாலு. வியன்னாவுக்கு ஒன்று கூட்டியதற்குக் காரணம், முதல் நாள் தூக்கக் கலக்கத்தில் போய்விடும். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். மாலை ஏழு மணிக்கே கண் சொக்கும்.

இனிக் கிழமைகள். ஞாயிற்றுக்கிழமை வியன்னாவில் கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில பல்பொருள் அங்காடிகள் மட்டும் திறந்திருக்கும், அங்கே ஊரே வரிசையில் நிற்கும். பிராகில் ஞாயிறும் வேலை நாள்போலவே கடைகள் இயங்கும். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம் கோடை மாதங்கள் தவிர மற்ற காலங்களில் திங்கட்கிழமை விடுமுறை. பிராகின் யூத அருங்காட்சியகமும் அதைச் சேர்ந்த பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை திறப்பதில்லை. வெள்ளி, சனி இரவுகளில் பிராகின் பழைய நகரத் தெருக்களில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மது விருந்துக்கென்றே வரும் இளைஞர் கூட்டம் விடிய விடியக் கத்தும்.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்கும் அமைப்பு இது: செவ்வாய்க்கிழமை வியன்னாவில் இறங்குங்கள். செவ்வாய் முதல் சனி வரை ஐந்து இரவு அங்கே. கடைகள் மூடியிருக்கும் ஞாயிறு காலையில் ரயில். ஞாயிறு முதல் புதன் வரை நாலு இரவு பிராகில். வியாழக்கிழமை அங்கிருந்தே ஊர் திரும்புங்கள். எந்த விடுமுறையிலும் முட்டிக்கொள்ள மாட்டீர்கள், வார இறுதிக் கூட்டம் கலைந்த பிறகுதான் பிராகுக்குள் நுழைவீர்கள்.

எந்த மாதம் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நன்று. நம் பள்ளி விடுமுறைக்கு மே மாதம் தோதானது. பகலில் மெல்லிய ஜாக்கெட் போதும், இருட்ட எட்டரை ஆகும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகுதான், ஆனால் மாலை நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு அந்தக் குளிரில் போவது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. தேதி வைக்கும்முன் அந்த நாட்டு விடுமுறைகளை ஒருமுறை பாருங்கள். மே 1 ஆஸ்திரியாவில் விடுமுறை, மே 8 செக் குடியரசில் பெரிய கடைகளைச் சட்டப்படியே மூட வேண்டிய நாள்.

இரண்டாம் படி: விசா

ஆஸ்திரியாவும் செக் குடியரசும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே பொது விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு விசா போதும். ஆனால் அதை எந்த நாட்டிடம் கேட்பது என்பதற்கு விதி இருக்கிறது. அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். இரண்டிலும் சமமாகத் தங்கினால், முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அதனிடம். நம் திட்டத்தில் ஐந்துக்கு நாலு என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆஸ்திரியா. 'அங்கே அப்பாயிண்ட்மெண்ட் சீக்கிரம் கிடைக்கிறது' என்று நாட்டை மாற்றி விண்ணப்பிக்கச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டல் இரவுகளைக் கூட்டிப் பார்க்க அதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும். அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பதினைந்து நாளை நம்பி இருந்துவிடாதீர்கள். பரிசீலனைக்கே பதினைந்து நாள், தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாள்வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. மே பயணம் என்றால் ஜனவரியில் காகிதங்கள் தயாராகி, பிப்ரவரியில் அப்பாயிண்ட்மெண்ட் முடிந்திருக்க வேண்டும். ஏப்ரலில் தேடினால் காலி நாளே இருக்காது. பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும் என்பதால் அந்த வாரங்களில் வேறு வெளிநாட்டுப் பயணமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொருந்துவதாக எடுங்கள்.

காகிதங்களில் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முதலாவது வங்கிக் கணக்கு. மாதாமாதம் சம்பளம் வந்து செலவாகி, மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கணக்கைத்தான் அதிகாரிகள் நம்புவார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமனாரிடம் வாங்கிப் போட்ட மூன்று லட்சம், உதவுவதற்குப் பதில் கேள்வியைத்தான் எழுப்பும். அப்படி ஒரு தொகை வர நேர்ந்தால் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காகிதம் இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பயணத் திட்டத்தைச் சொல்லும் கடிதம். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். தேதி, ஊர், ஹோட்டல், அன்றைய திட்டம் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம் இருக்க வேண்டும். ஞாயிறன்று வியன்னாவிலிருந்து பிராகுக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதற்கு ரயில் முன்பதிவையும் சேர்த்துவிட்டால் திட்டத்தில் ஓட்டையே இருக்காது. விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகவே எடுங்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரோடு மட்டும் குழந்தை பயணித்தால், மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாருங்கள்: பெயர், தேதிகள், எத்தனை நாள் தங்க அனுமதி, எத்தனை முறை நுழைய அனுமதி. ஒன்பது இரவு என்பது அவர்கள் கணக்கில் பத்து நாள். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேரும்.

மூன்றாம் படி: இறங்குவது ஓர் ஊர், ஏறுவது வேறோர் ஊர்

விமான டிக்கெட் தேடும் தளங்களில் போகவர என்பதை விட்டுவிட்டு, பல நகரங்கள் என்ற பகுதியைத் திறங்கள். சென்னையிலிருந்து வியன்னா, பிராகிலிருந்து சென்னை என்று கொடுங்கள். பல நேரங்களில் விலை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். கொஞ்சம் கூடினாலும், பிராகிலிருந்து மறுபடி வியன்னாவுக்கு வரும் ரயில் செலவையும் வீணாகும் ஒரு பகலையும் கணக்கிட்டால் இதுவே லாபம். துபாய் வழியாகவும் தோஹா வழியாகவும் இரண்டு நகரங்களுக்கும் விமானங்கள் இருக்கின்றன.

பிராங்பர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை பிராங்பர்ட்டிலேயே நடந்துவிடும், ஏனென்றால் ஷெங்கனுக்குள் நுழைவது அங்கேதான். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில் முகப்படத்தை எல்லையில் பதிவு செய்கிறார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையைச் சரிபார்க்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு வரிசை மெதுவாகத்தான் நகரும். அங்கே அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேர இடைவெளி என்பது சூதாட்டம். மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

ஏன் வியன்னா முதலில்? களைத்து இறங்குகிறவருக்கு அது எளிய ஊர். விமான நிலையத்தின் கீழேயே ரயில். பச்சை நிறத்தில் கண்ணைப் பறிக்கும் சிட்டி ஏர்போர்ட் ட்ரெயின் விலை அதிகம். அதைக் கடந்து போய், ஆஸ்திரிய ரயில்வேயின் சாதாரண வண்டியைப் பிடித்தால் கால் மணி நேரத்தில் நகரின் தலைமை ரயில் நிலையம். அதன் பெயர் ஹாப்ட்பான்ஹோஃப். ஞாயிறன்று பிராக் வண்டியும் இங்கிருந்துதான் கிளம்பும் என்பதால் இறங்கும் நாளிலேயே நிலையத்தை ஒரு சுற்றுப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: தங்குமிடம்

வியன்னாவில் எந்தப் பகுதி என்று அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. யு-பான் என்னும் மெட்ரோ நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தால் போதும். தலைமை ரயில் நிலையத்தைச் சுற்றியோ, ஏழாவது வட்டாரமான நாய்பாவிலோ பாருங்கள்.

பிராகில் கவனம் தேவை. பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டியே அறை கிடைத்தது என்று மகிழ்கிறவர்கள் முதல் இரவில் காதைப் பொத்திக்கொள்வார்கள். வினோஹ்ராடி, கார்லீன் இரண்டும் உள்ளூர்க்காரர்கள் வாழும் நல்ல பகுதிகள், டிராமில் கொஞ்ச நேரத்தில் மையத்துக்கு வந்துவிடலாம். பழைய கட்டடமாக இருந்தால் லிஃப்ட் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். இரண்டு ஊர்களிலும் நகர வரியை ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, வழக்கம்தான்.

சமையலறையோடு கூடிய வீடு ஓர் ஊரிலாவது எடுத்தால் சைவக் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஐந்தாம் படி: அந்த நாலு மணி நேர ரயில்

ஆஸ்திரிய, செக் ரயில்வேக்கள் சேர்ந்து நடத்தும் ரயில்ஜெட் வண்டிகளும், ரெஜியோஜெட் என்ற தனியார் நிறுவனத்தின் வண்டிகளும் இந்த வழியில் ஓடுகின்றன. பிரெட்ஸ்லாவ், பிர்னோ வழியாகச் சுமார் நாலு மணி நேரம். முன்கூட்டி எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். ஆனால் அந்த மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். ஆஸ்திரிய ரயில்வே தளத்திலும் செக் ரயில்வே தளத்திலும் ஒரே வண்டிக்கு வேறு வேறு விலை இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

நம்மூர் ரயில் பழக்கத்தோடு போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரயில்ஜெட்டில் டிக்கெட் வேறு, இருக்கை வேறு. டிக்கெட் இருந்தாலும் இருக்கையை முன்பதிவு செய்யாவிட்டால் காலியான இடத்தைத் தேடி உட்கார வேண்டியதுதான். சில வண்டிகள் கிராட்ஸ் நகரிலிருந்தே நிரம்பி வரும். சில யூரோ கூடக் கொடுத்து இருக்கையைப் பதிந்துவிடுங்கள். ரெஜியோஜெட்டில் இருக்கையும் சேர்ந்தே வரும்.

வியன்னா நிலையத்தின் பலகையில் பிராக் என்ற பெயரைத் தேடி நிற்காதீர்கள். சில வண்டிகள் பிராகைத் தாண்டி ஜெர்மனியின் பெர்லின் வரை போகும், பலகையின் பெரிய எழுத்தில் பெர்லின் என்றே இருக்கும். பிராகோ சின்ன எழுத்தில், அதுவும் 'பிராஹா' என்று செக் மொழியில். வண்டி எண்ணையும் நேரத்தையும் பார்த்து ஏறுங்கள். நடைமேடையில் ஏ, பி, சி என்று பிரிவுகள் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். உங்கள் பெட்டி எந்தப் பிரிவில் நிற்கும் என்று திரையில் காட்டும். அங்கேயே போய் நின்றுகொண்டால் கடைசி நிமிடத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பிராகில் இறங்க வேண்டிய நிலையம் ஹ்லாவ்னி நாட்ராஷி, டிக்கெட்டில் சுருக்கி எழுதியிருப்பார்கள்.

பிராகிலிருந்து வேறு எங்காவது ஒருநாள் பயணம் போவதாக இருந்தால் அந்த நிலையத்தின் வழக்கம் வேறு. நடைமேடை எண்ணை வெகு முன்னதாக அறிவிக்க மாட்டார்கள். பெரிய பலகையின் முன்னால் நூறு பேர் பெட்டிகளோடு அண்ணாந்து நின்றுகொண்டிருப்பார்கள். வண்டி கிளம்பப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது எண் விழும், மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் நகரும். பதறாதீர்கள், நேரம் போதும்.

எல்லையில் வண்டி நின்று முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. ஆனாலும் காவலர்கள் ஏறிப் பார்ப்பதுண்டு, பாஸ்போர்ட் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஆறாம் படி: இரண்டு நாணயம்

ஆஸ்திரியாவில் யூரோ, செக் குடியரசில் கொருனா. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டி ஏற்றிக்கொண்டு போக இந்திய வங்கிகள் தரும் பல நாணய அட்டைகளில் பெரும்பாலானவற்றில் கொருனா இருப்பதில்லை. யூரோ ஏற்றிய அட்டையைப் பிராகில் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் விழும். அது எவ்வளவு என்று கிளம்பும்முன் கேட்டுவிட்டு, சாதாரண சர்வதேச டெபிட் அல்லது கிரெடிட் அட்டையின் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவானாலும் இரண்டு அட்டைகளை இரண்டு பைகளில் வையுங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே வருகிறது. வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டீர்களா என்று விமானம் ஏறும்முன் பாருங்கள்.

கடையிலோ ஏடிஎம்மிலோ இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: ரூபாயில் கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா? ரூபாயைக் காட்டினால் மனசுக்கு இதமாக இருக்கும், விலை புரிகிறதே என்று தோன்றும். அந்த இதத்துக்குத்தான் அவர்கள் காசு பார்க்கிறார்கள். மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரரே வைத்துக்கொள்வார். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சுற்றுலாப் பயணிகள் கூடும் மூலைகளில் நிற்கும் தனி ஏடிஎம்களைத் தவிர்த்து, வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில் எடுங்கள்.

பிராகில் பணம் மாற்றும் கடைகளின் முகப்பில் கவர்ச்சியான விகிதம் எழுதியிருந்தால், அது நாம் விற்கும் விலையா, வாங்கும் விலையா என்று நின்று படியுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், 2019 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்புவரை கடையில் மாற்றிய பணத்தை, ரசீது கையிலிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து ரத்து செய்யலாம். எனவே நோட்டை எண்ணி முடிக்கும்வரை ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள். தெருவில் வந்து 'நல்ல ரேட் தருகிறேன்' என்பவருக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. வேறு ஏதோ நாட்டு நோட்டைத் திணித்துவிட்டு மறைந்துவிடுவார்.

சில்லறை நாணயம் இரண்டு ஊரிலும் கொஞ்சம் வேண்டும். பொதுக் கழிப்பறைகள் பலவற்றுக்குக் கட்டணம் உண்டு.

ஏழாம் படி: எதை முன்பதிவு செய்வது, எதை விடுவது

இப்போதுதான் இடங்களின் பட்டியல். வியன்னாவில் ஷோன்ப்ருன் அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட். மே மாதத்தில் அன்றைய தினம் போய்க் கேட்டால் மாலைதான் கிடைக்கும், முன்பே எடுங்கள். அரண்மனைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குழந்தைகள் அறைகளைவிட அங்கேதான் மகிழ்வார்கள்.

கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் இவ்வளவு ஓவியங்களை உலகில் வேறெங்கும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது. பனியில் வேட்டையாடிவிட்டுத் தளர்ந்து திரும்பும் மனிதர்களையும் நாய்களையும் தீட்டிய 1565-ஆம் ஆண்டு ஓவியத்தின் முன் கொஞ்சம் உட்காருங்கள், அறையில் இருக்கைகள் உண்டு. தூரத்தில் உறைந்த குளத்தின்மேல் விளையாடும் எறும்பளவு மனிதர்களை எண்ணத் தொடங்கினால் குழந்தைகளுக்கும் நேரம் போவது தெரியாது.

வியன்னா அரசு இசை நாடக அரங்கம் ஜூலை, ஆகஸ்டில் மூடியிருக்கும். மற்ற மாதங்களில் நின்று பார்க்கும் டிக்கெட் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். வசந்தத்திலும் செப்டம்பரிலும் சில நாட்கள் உள்ளே நடப்பதை வெளிச் சுவரில் பெரிய திரையில் இலவசமாகவே காட்டுகிறார்கள். மூன்று மணி நேரம் அசையாமல் இருக்க மாட்டாத பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி. தெருவில் இசைமேதை மோட்ஸார்ட் போலச் சிவப்புக் கோட்டும் வெள்ளை முடியும் அணிந்து டிக்கெட் விற்பவர்கள், பயணிகளுக்கென்று நடக்கும் வேறு கச்சேரிகளுக்கு விற்கிறார்கள். அரங்கம் எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிராகில் கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, உள்ளிருக்கும் கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். மேட்டில் ஏறி மூச்சு வாங்க வேண்டாம். 22-ஆம் எண் டிராமில் மேலே போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தம்வரை போய்விட்டு, கோட்டையைப் பார்த்தபடி இறக்கத்தில் நடந்து வாருங்கள். முழங்கால் வலி உள்ள பெற்றோருக்கு இது ஒன்றே பெரிய உதவி. 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்துக்கு விடிகாலை ஆறு மணிக்குப் போங்கள். பத்து மணிக்குமேல் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் அற்புதமான பொறி. ஆனால் மணிக்கொரு முறை பொம்மைகள் வந்து போகும் அந்தச் சில நொடிகளுக்காகக் கூட்டத்தில் அரை மணி நேரம் நிற்பது வேண்டாத வேலை. நடுவில் ஏதோ ஒரு நிமிடத்தில் போய்க் கடிகாரத்தையே நிதானமாகப் பாருங்கள்.

வியன்னாவிலிருந்து ஹால்ஷ்டாட், பிராகிலிருந்து செஸ்கி கிரும்லோவ் என்று ஒருநாள் பயணங்களை அடுக்க ஆசை வரும். இரண்டுமே போகவர ஆறு மணி நேரத்தை விழுங்கும். ஒன்றே ஒன்று வேண்டுமானால், பிராகிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் குட்னா ஹோரா போதும்.

எட்டாம் படி: சாப்பாடு

நெய் கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவர அனுமதி இல்லை. நெய், பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, அப்பளம் இவற்றுக்குத் தடை இல்லை. பருப்புப்பொடிக்கு நெய் இல்லாமல் எப்படி என்று கேட்கிறவர்கள், வியன்னாவின் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் 'பூட்டர்ஷ்மால்ஸ்' என்று எழுதிய டப்பாவைத் தேடுங்கள். உருக்கிய வெண்ணெய்தான். நம் வீட்டு மணம் வராது, காரியம் ஆகும்.

வெளியே சாப்பிடும்போது சைவம் என்ற ஒரு சொல் போதாது. காய்கறி சூப்பில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும், உருளைக்கிழங்கில் பன்றி இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும். வேண்டாததைப் பெயர் சொல்லி விலக்குங்கள். வியன்னாவில்: ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ், ஓனே ஐ. அதாவது இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். பிராகில்: பெஸ் மாசா, பெஸ் ரிபி, பெஸ் வையெட்ஸ். ஒரு தாளில் எழுதி வைத்துக் காட்டினாலும் சரி. பிராகின் உணவகங்களில் எளிதாகக் கிடைக்கும் பொரித்த பாலாடைக்கட்டியில் மேல்மாவுக்கு முட்டை சேர்ப்பார்கள். முட்டையும் உண்ணாதவர்கள் இத்தாலிய, அரபு, இந்திய உணவகங்களை நம்புவதே நல்லது.

காபிப் பிரியர்களுக்கு வியன்னா சொர்க்கம். பழைய காபி இல்லத்தில் மெலாஞ்ச் கேளுங்கள். சின்ன வெள்ளித் தட்டில் பால் நுரை பூத்த கோப்பை, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்து வைத்த கரண்டி. நம் டிகிரி காபியின் கசப்பை எதிர்பார்க்காதீர்கள், அது மெல்லியது. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873 முதல் குழாயில் வருவது. வியன்னாவில் தண்ணீர் பாட்டில் வாங்குவது பண விரயம். பிராகிலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், ஆனால் உணவகத்தில் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் பாட்டிலைத் திறந்து பில்லில் சேர்த்துவிடுவார்கள். மேசையில் தானாக வந்து உட்காரும் ரொட்டிக் கூடைக்கும் சில இடங்களில் காசு உண்டு.

ஒன்பதாம் படி: பெட்டியும் போனும்

பிராகின் நடைபாதைகள் சின்னச் சின்னக் கல் பதித்தவை. பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறிய பெட்டிகள் இரண்டு நல்லது, சக்கரம் உடைந்தாலும் தூக்கிவிடலாம். புதுச் செருப்பைப் பயணத்தில் பழக்காதீர்கள். நம் இரண்டு முனை போன் சார்ஜர் அங்கே பொருந்தும், மூன்று முனைப் பிளக்குகளுக்கு அடாப்டர் வேண்டும்.

மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஆஸ்திரியாவில் பாரசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும், ஞாயிறன்று முறை வைத்துத் திறக்கும் சில கடைகள்தான் கதி. அவசர உதவிக்கு இரண்டு நாட்டிலும் 112.

சிம் கார்டு ஒன்றே போதும். ஆஸ்திரியாவில் வாங்கியது ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி செக் குடியரசிலும் வேலை செய்யும். இந்திய எண்ணையும் ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

பத்தாம் படி: டிராமில் ஏறும்போது

இரண்டு ஊர்களிலும் மெட்ரோவுக்குத் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் டிக்கெட் கேட்காமல் நேரே படியிறங்கி வண்டியில் ஏறிவிடலாம். சென்னை மெட்ரோவின் கதவுக்குப் பழகியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, சின்னப் பெட்டி போன்ற இயந்திரத்தில் செருகித் தேதியும் நேரமும் அச்சடித்துக்கொள்ள வேண்டும். மெட்ரோவில் படிக்கட்டு தொடங்கும் இடத்திலேயே அது இருக்கும், டிராமில் உள்ளே இருக்கும். ஒருமுறை மட்டும் அடியுங்கள். இரண்டாவது முறை அடித்தால் எழுத்தின்மேல் எழுத்து விழுந்து டிக்கெட்டே செல்லாமல் போகும். சோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், அடையாள வில்லையைக் காட்டுவார்கள். அச்சடிக்காத டிக்கெட்டும் அவர்களுக்கு டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான், வெளிநாட்டுக்காரர் என்ற சலுகை கிடையாது. பல நாள் டிக்கெட்டை முதல் பயணத்திலேயே அடித்துவிட்டால் பிறகு மறந்துவிடலாம்.

கிளம்பும் வியாழக்கிழமை, மெட்ரோவின் பச்சை நிற ஏ வழித்தடத்தில் நாட்ராஷி வெலெஸ்லாவீன் நிலையம், அங்கிருந்து 59-ஆம் எண் டிராலிபஸ் நேரே விமான நிலையத்துக்கு. கடையில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் படிவம் வாங்கியிருந்தால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்கத் துறை முத்திரைக்குப் போங்கள், பொருளைக் காட்டச் சொல்வார்கள். ஆஸ்திரியாவில் 75 யூரோவுக்கு மேல் ஒரே ரசீதில் வாங்கியதற்கு இந்தச் சலுகை உண்டு. வியன்னாவில் வாங்கியதற்கும் முத்திரை பிராகிலேயே கிடைக்கும், ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது அங்கே என்பதால். பிராங்பர்ட் வழியாகத் திரும்புகிறவர்கள் கைப்பையில் கொண்டுபோகும் பொருளுக்குப் பிராங்பர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும்.